ஃபேன்டசி ஃபுட்பால் டிராஃப்ட்: எந்த உத்தி, எந்தக் கருவி?

அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதம் பாதி தாண்டிவிட்டால் அலுவலகச் சாட் குழுக்களில் பேச்சு மாறிவிடும். அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய லீக்கான என்எஃப்எல் சீசன் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பம். அதற்குள் ஃபேன்டசி லீக்குக்கு, அதாவது நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி சேர்க்கும் போட்டிக்கு, ஆள் சேர்க்க வேண்டும். வீரர்களை ரவுண்டு ரவுண்டாக, ஆளுக்கு ஒருவராக முறை வைத்து எடுக்கும் டிராஃப்டுக்கு நாள் குறிக்க வேண்டும். பதினோரு பேர் தேறிவிட்டார்கள், பன்னிரண்டாவது ஆளாக உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க ஃபுட்பாலை ஓரளவு பார்ப்பீர்கள், ஆனால் டிராஃப்டில் உட்கார்ந்ததில்லை. தேடிப் பார்த்தால் அறிவுரை மலைபோலக் குவிந்து கிடக்கிறது. ஒருவர் சொல்வதற்கு நேர் எதிராக இன்னொருவர் சொல்கிறார், இரண்டு பேரும் ஆதாரம் காட்டுகிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். லீக்கின் புள்ளி விதி, டிராஃப்டில் உங்களுக்கு விழுந்த இடம், மற்றவர்கள் திரையில் தெரியும் வீரர் பட்டியல், இந்த மூன்றும் தெரியாமல் எந்த உத்தி சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லீக்கில் வழக்கமாக 10 அல்லது 12 அணிகள். ஒவ்வொரு வாரமும் ஒரு குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), இரண்டு அல்லது மூன்று வைட் ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (பிடிக்கவும் தடுக்கவும் செய்பவர்), ஒரு ஃபிளெக்ஸ் (ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்டில் யாராவது ஒருவர்), ஒரு கிக்கர், ஒரு டிஃபென்ஸ் (ஓர் அணியின் மொத்தத் தற்காப்பு) களமிறங்கும். மீதி ஆறேழு பேர் பெஞ்சில். ட்ரீம்11 ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: அங்கே ஒரே வீரரை லட்சம் பேர் எடுக்கலாம், இங்கே ஒரு வீரர் ஒருவருக்குத்தான். அதனால் யார் நல்ல வீரர் என்பதோடு, இவரை இப்போது விட்டால் அடுத்த முறை கைக்கு வரும்போது அந்த இடத்துக்கு யார் மிஞ்சுவார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். டிராஃப்ட் உத்தி என்று பேசப்படுவதெல்லாம் இந்தக் கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்தான்.

முதலில் புள்ளி விதி

ஓடியோ பிடித்தோ கடக்கும் 10 யார்டுக்கு ஒரு புள்ளி, பந்தை எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுனுக்கு 6. இது பெரும்பாலும் எல்லா லீக்கிலும் ஒன்றுதான். பந்தைப் பிடித்ததற்கே புள்ளி உண்டா என்பதில்தான் லீக்குகள் பிரிகின்றன. பிடிப்புக்கு ஒரு புள்ளி கொடுத்தால் பிபிஆர், அரைப் புள்ளி கொடுத்தால் ஹாஃப் பிபிஆர், கொடுக்காவிட்டால் ஸ்டாண்டர்டு.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். 2024 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடி 13 டச்டவுன், 33 பிடிப்பில் 278 யார்டும் 2 டச்டவுனும். சின்சினாட்டி பெங்கால்ஸின் ரிசீவர் ஜமார் சேஸ் 127 பிடிப்பு, 1,708 யார்டு, 17 டச்டவுன். பந்தை நழுவவிட்டதற்கான ஃபம்பிள் கழிவு மாதிரிச் சில்லறைகளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஸ்டாண்டர்டில் பார்க்லிக்கு 318, சேஸுக்கு 273. முழு பிபிஆரில் அப்படியே தலைகீழ்: சேஸ் 400, பார்க்லி 351. ஹாஃப் பிபிஆரில் சேஸ் 336, பார்க்லி 335, கிட்டத்தட்டச் சமம். அதே இரண்டு வீரர்கள், அதே ஆட்டங்கள். யார் பெரியவர் என்பதை லீக்கின் ஒரு வரி விதி தீர்மானிக்கிறது.

ஈஎஸ்பிஎன் தளத்தில் வழக்கமான அமைப்பு முழு பிபிஆர், யாஹூவில் ஹாஃப் பிபிஆர். லீக் நடத்துபவர் இதை மாற்றியிருக்கலாம். அழைப்பு வந்ததும் அமைப்புப் பக்கத்தைத் திறந்து நான்கு விஷயம் பாருங்கள்: பிடிப்புக்கு எத்தனை புள்ளி, ரிசீவர் இரண்டா மூன்றா, குவார்ட்டர்பேக் வீசிப் போடும் டச்டவுனுக்கு 4 புள்ளியா 6 புள்ளியா, பெஞ்சில் எத்தனை இடம். இது தெரியாமல் எந்த ரேங்கிங்கையும் இறக்கி வைத்துக்கொண்டு பயனில்லை.

ரன்னிங் பேக்கா, ரிசீவரா

பெரிய சண்டை இங்கேதான். முதல் ஐந்தாறு ரவுண்டுகளை எப்படிச் செலவழிப்பது என்பதில் மூன்று வழி சொல்கிறார்கள்.

பழைய வழி ரோபஸ்ட் ஆர்பி (ஆர்பி என்றால் ரன்னிங் பேக்). முதல் மூன்று நான்கு ரவுண்டுகளில் ரன்னிங் பேக்குகளை வாரிக்கொள்வது. சான் டியேகோ சார்ஜர்ஸின் லடேனியன் டாம்லின்சன் 2006-ல் 31 டச்டவுன் போட்ட காலத்தில் இதைத் தவிர வேறு யோசனையே யாருக்கும் தோன்றாது. ஓர் அணியின் ஓட்டம் முழுவதையும் ஒரே ஆள் சுமந்த காலம் அது. பிறகு என்எஃப்எல் பந்து வீசும் ஆட்டமாக மாறியது, பல அணிகள் ஓட்டத்தை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கின. இன்று முழுச் சுமை தாங்கும் ரன்னிங் பேக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்காவது ரவுண்டில் அப்படிப்பட்டவர் என்று நினைத்து எடுப்பவர் பெரும்பாலும் பாதி வேலைக்காரராகத்தான் இருப்பார்.

இதற்கு நேர் எதிரான ஜீரோ ஆர்பியை 2013-ல் ரோட்டோவிஸ் தளத்தில் ஷான் சீகல் முன்வைத்தார். முதல் ஐந்து ரவுண்டு வரைக்கும் ரன்னிங் பேக்கையே தொடாமல் ரிசீவர்களையும் முடிந்தால் நல்ல டைட் எண்டையும் எடுப்பது, அப்புறம் பெஞ்ச் நிறைய மாற்று ரன்னிங் பேக்குகளை நிரப்புவது. அதன் அடிப்படை எளிது. ரன்னிங் பேக்குகள் அதிகம் அடிபடுகிறார்கள். ஒருவர் விழுந்தால் அவருடைய வேலை அப்படியே பின்னால் நிற்பவருக்குப் போகிறது. ரிசீவர் விழுந்தால் அவருக்கு வரவேண்டிய பந்துகள் பல பேருக்குப் பிரிந்துவிடும். ஆகவே சீசன் குழம்பக் குழம்ப, மலிவாக வாங்கிய ரன்னிங் பேக்குகளின் மதிப்பு ஏறும்.

நல்ல உதாரணம் சான்ஃபிரான்சிஸ்கோ 49ers. 2023-ல் அதன் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 21 டச்டவுன் போட்டார். 2024-ல் ஏறக்குறைய எல்லா லீக்கிலும் முதல் ஆளாகப் போனார். அந்தச் சீசனில் அவர் ஆடியது 4 ஆட்டம். முதல் வாரத்திலேயே அவருக்குப் பதில் இறங்கிய ஜோர்டன் மேசன் ஜெட்ஸுக்கு எதிராக 147 யார்டு ஓடினார். ஃபேன்டசி டிராஃப்டில் கடைசியில் சும்மா எடுத்து வைக்கும் பெயர் அவருடையது. கொஞ்ச வாரம் கழித்து மேசனும் அடிபட்டார் என்பது வேறு கதை, ஆனால் அதுவும் சீகலின் வாதத்துக்குத்தான் சாதகம்.

அதே 2024 இந்த வாதத்தின் மறுபக்கத்தையும் காட்டியது. பார்க்லியின் 2,005 யார்டு போக, பால்டிமோர் ரேவன்ஸுக்காக டெரிக் ஹென்றி 30 வயதில் 1,921 யார்டு ஓடி 16 முறை ஓடியே டச்டவுன் போட்டார். டெட்ராய்ட் லயன்ஸின் ஜமீர் கிப்ஸ் மொத்தம் 20 டச்டவுன். முதல் ரவுண்டுகளில் ரன்னிங் பேக் எடுத்தவர்கள் பலர் அந்த வருஷம் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இன்னொன்றும் உண்டு: வேவரில், அதாவது யார் கையிலும் இல்லாத வீரர்களைச் சீசன் நடுவே கோரி எடுக்கும் இடத்தில், திடீரென்று முளைப்பது ரன்னிங் பேக்குகள் மட்டும் இல்லை. 2023-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் ரிசீவர் பூக்கா நகுவா, நிஜ அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டின் ஐந்தாவது ரவுண்டில் வந்த புதுமுகம், 105 பிடிப்பில் 1,486 யார்டு எடுத்துப் புதுமுகச் சாதனை படைத்தார். முதல் வார ஆட்டம் முடிந்தபோது பெரும்பாலான லீக்குகளில் அவர் யார் கையிலும் இல்லை.

மூன்றாவது வழி ஹீரோ ஆர்பி. முதல் இரண்டு ரவுண்டுக்குள் உறுதியான ஒரு ரன்னிங் பேக், அப்புறம் ஆறேழாவது ரவுண்டு வரை ரிசீவர்கள், அதற்குப் பிறகு ஜீரோ ஆர்பி மாதிரியே மாற்று ஆட்கள். பார்த்தால் நடுநிலை வேஷம் போலத் தோன்றும், ஆனால் இதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. முழுச் சுமை தாங்கும் ஆட்கள் மிகக் குறைவு என்பதால் முதல் ரவுண்டில் ஒருவரைப் பிடிப்பது நியாயம். இரண்டாவது ஆளை விலை கொடுத்து வாங்குவது அந்த அளவு நியாயமில்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 12 அணி, முழு பிபிஆர், மூன்று ரிசீவர் களமிறங்கும் லீக் என்றால் ஜீரோ ஆர்பிக்கு நியாயம் இருக்கிறது, ஒரே ஒரு நிபந்தனையோடு: செவ்வாய்க்கிழமை ராத்திரி தவறாமல் வேவர் கோரிக்கை போடும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். சின்ன குழந்தை உள்ள வீடு, மாத இறுதியில் வேலை நெருக்கடி என்றால் இந்த உத்தியைத் தொடாதீர்கள். ஸ்டாண்டர்டு புள்ளி, இரண்டே ரிசீவர் என்றால் ரோபஸ்ட் இன்னும் செத்துவிடவில்லை. 10 அணி லீக்கில் நல்ல ரிசீவர்கள் எப்படியும் மிஞ்சிக் கிடப்பார்கள், அங்கே ஜீரோ ஆர்பி வீண். மற்ற எல்லாவற்றுக்கும், குறிப்பாக ஹாஃப் பிபிஆர் அலுவலக லீக்குக்கு, ஹீரோ ஆர்பிதான் என் தேர்வு.

உங்கள் இடமும் இதில் பேசும். ஒவ்வொரு ரவுண்டிலும் வரிசை தலைகீழாகத் திரும்பும் ஸ்னேக் டிராஃப்டில், 12 பேர் ஆடினால், முதலிடம் கிடைத்தால் உங்கள் முறை 1, 24, 25 என்று வரும். ஆறாவது இடம் என்றால் 6, 19, 30. கடைசி இடம் என்றால் 12, 13, 36, 37. ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு முறைகளுக்கு நடுவே 22 பேர் போய்விடுவார்கள். ஐந்து பேர் வரிசையாக ரன்னிங் பேக் எடுத்தால் அவரால் பின்னால் ஓடிப் பிடிக்க முடியாது, தனக்கு வேண்டியவரை ஒரு ரவுண்டு முந்தி எடுத்தே ஆக வேண்டும். நடுவில் இருப்பவர் காத்திருந்து பார்க்கலாம். ஆகவே முதலிலேயே உத்தியை முடிவு செய்துகொண்டு போவது ஓரத்தில் இருப்பவருக்கு அவசியம், நடுவில் இருப்பவருக்குச் சில சமயம் பாதகம்.

குவார்ட்டர்பேக்கை எப்போது எடுப்பது

இந்த ஃபேன்டசி ஆட்டத்தை 1962-ல் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நண்பர்களோடு உட்கார்ந்து உருவாக்கியவர், ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக். அடுத்த வருஷம் நடந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகப் போனது ஜார்ஜ் பிளாண்டா, குவார்ட்டர்பேக்காகவும் கிக்கராகவும் ஆடியவர். இன்று சாதாரண லீக்கில் முதல் ஆளாகக் குவார்ட்டர்பேக்கை எடுத்தால் சாட்டில் கிண்டல் செய்வார்கள்.

காரணம், ஃபுட்பால்கைஸ் தளத்தின் ஜோ பிரையன்ட் பரப்பிய மதிப்புக் கணக்கு. ஒரு வீரர் எடுக்கும் மொத்தப் புள்ளியைப் பார்க்காமல், அதே இடத்தில் களமிறங்கும் கடைசி ஆளைவிட எவ்வளவு கூடுதல் என்று பார்ப்பது. முதல் குவார்ட்டர்பேக் 370 புள்ளி, பன்னிரண்டாவது ஆள் 300 என்று வைத்துக்கொள்வோம், வித்தியாசம் 70. முதல் ரன்னிங் பேக் 320, இருபத்து நான்காவது ஆள் 170 என்றால் வித்தியாசம் 150. புள்ளி குறைவாக எடுப்பவர்தான் விலை உயர்ந்தவர். இதை வைத்துத்தான் ஜேஜே சக்கரியாசன் போன்ற ஃபேன்டசி எழுத்தாளர்கள் குவார்ட்டர்பேக்கைக் கடைசியில் எடுங்கள் என்றார்கள். 2018-ல் 50 டச்டவுன் வீசிய பேட்ரிக் மஹோம்ஸும், 2019-ல் 36 டச்டவுன் வீசி 1,206 யார்டு ஓடவும் செய்த லமார் ஜாக்சனும் தாமதமாகக் கிடைத்தவர்களே.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறிவிட்டது. 2023-ல் பஃபலோவின் ஜாஷ் ஆலன் ஓடியே 15 டச்டவுன் போட்டார். அது மட்டும் 90 புள்ளி, 4 புள்ளிக்கு வீசிப் போடும் டச்டவுனாக இருந்தால் 22-க்கு மேல் வேண்டும். ஓடும் குவார்ட்டர்பேக்குகள் மற்றவர்களிடமிருந்து விலகி நிற்கிறார்கள் என்பதால், மூன்று நான்காவது ரவுண்டில் அவர்களில் ஒருவரை எடுப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். அது கைகூடாவிட்டால் பத்தாவது ரவுண்டு வரை பொறுங்கள், நடுவில் எடுப்பதுதான் மோசமான பேரம். சூப்பர்ஃபிளெக்ஸ் லீக் என்றால், அதாவது இரண்டு குவார்ட்டர்பேக் இறக்கலாம் என்றால், மேலே சொன்னது எதுவும் செல்லாது. முதல் இரண்டு ரவுண்டிலேயே ஒருவரைப் பிடித்துவிடுங்கள்.

டைட் எண்டுக்கும் இதே நியாயம்: உச்சியில் இருக்கும் இரண்டு மூன்று பேரில் ஒருவர், அல்லது கடைசி. 2024-ல் பிராக் போவர்ஸ் புதுமுகமாக வந்து 112 பந்து பிடித்தார், அப்படி ஒருவர் கிடைத்தால் லாபம். கிக்கரும் டிஃபென்ஸும் கடைசி இரண்டு ரவுண்டுக்கு.

ஸ்னேக்கா, ஏலமா

லீக்கில் ஓட்டெடுப்பு வைத்தால் என்ன சொல்வது? ஏலத்தில் வழக்கமாக ஆளுக்கு 200 டாலர் கற்பனைப் பணம். ஐபிஎல் ஏலம் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 16 இடம் நிரப்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு டாலர் வேண்டும், ஆகவே ஒரே வீரருக்கு அதிகபட்சம் 185 வரை போகலாம். போகாதீர்கள். ஏலத்தின் நியாயம் என்னவென்றால், எந்த வீரரும் எல்லாருக்கும் திறந்திருக்கிறார். ஏழாவது இடம் விழுந்துவிட்டதே என்ற புலம்பல் இல்லை. முதலில் உங்களுக்கு வேண்டாத பெரிய பெயர்களை ஏலத்துக்கு விட்டு மற்றவர்கள் பணத்தைக் கரைப்பது பழைய தந்திரம், இன்றும் பலிக்கிறது. ஆனால் மூன்று மணி நேரம் எல்லாரும் கவனம் சிதறாமல் உட்கார வேண்டும். புதியவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் ஸ்னேக்குக்கே ஓட்டுப் போடுங்கள்.

கருவிகள்

மிகச் சக்தி வாய்ந்த கருவி எது என்று கேட்டால், டிராஃப்ட் அறையில் தளமே காட்டும் பட்டியல். அலுவலக லீக்கில் பாதிப் பேர் வேறு எதையும் பார்ப்பதில்லை. ஒரு நிமிஷக் கடிகாரம் ஓடும்போது திரையில் மேலே இருக்கும் நாலைந்து பெயர்களில் ஒன்றை அழுத்திவிடுவார்கள். ஈஎஸ்பிஎன், யாஹூ, ஸ்லீப்பர் மூன்று தளங்களும் வெவ்வேறு வரிசை காட்டும். உங்கள் தளத்தின் வரிசையில் 70-ஆவதாகப் புதைந்து கிடப்பவர், வெளியே நிபுணர் வரிசையில் 50-ஆவதாக இருந்தால், அவருக்காக ஐந்தாவது ரவுண்டில் பதற வேண்டாம், ஆறாவதிலும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இந்த இடைவெளிகளைக் குறித்து வைத்துக்கொள்வதே டிராஃப்டுக்கு முந்தைய நாள் செய்யவேண்டிய வேலை.

வெளி வரிசைக்கு ஃபேன்டசிப்ரோஸ் தளம் போதும். பல நிபுணர்களின் ரேங்கிங்கைச் சேர்த்துச் சராசரி காட்டுகிறது. சராசரியைவிட, ஒரு வீரரை மிக உயர்வாக வைத்தவர் எங்கே வைத்தார், மிகத் தாழ்வாக வைத்தவர் எங்கே வைத்தார் என்ற பத்திதான் எனக்குப் பிடித்தது. இடைவெளி பெரிதாக இருக்கும் வீரரைக் கடைசி ரவுண்டுகளில் எடுக்கலாம், முதல் ரவுண்டில் கூடாது. காசு கட்டினால் உங்கள் லீக்கோடு இணைந்து, டிராஃப்ட் ஓடும்போதே யார் போனார்கள் என்று தானாக அடித்துக்கொண்டே வரும். வசதிதான். முதல் வருஷம் அதற்குப் பணம் கட்டாதீர்கள், பேனாவால் அடித்தால் பட்டியலாவது மனதில் நிற்கும்.

வரிசை எண்ணைவிட அடுக்கு முக்கியம். 14-ஆவது ஆளுக்கும் 15-ஆவது ஆளுக்கும் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம், 15-க்கும் 16-க்கும் பள்ளம் இருக்கலாம். போரிஸ் சென் என்பவரின் இலவசத் தளம் ஃபேன்டசிப்ரோஸ் தரவையே எடுத்துப் புள்ளியியல் முறையில் அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டுகிறது. உங்கள் முறை வரும்போது ரிசீவர் அடுக்கில் ஐந்து பேர், ரன்னிங் பேக் அடுக்கில் ஒரே ஒருவர் மீதி என்றால், ரன்னிங் பேக்கை எடுங்கள். ரிசீவரில் ஒருவராவது திரும்பி வருவார். ஒரே ஒரு கருவிதான் என்று கட்டாயப்படுத்தினால் நான் இந்த அடுக்குப் பட்டியலைத்தான் வைத்துக்கொள்வேன்.

சராசரியாக யார் எந்த இடத்தில் போகிறார்கள் என்று காட்டும் ஏடிபி பட்டியல்களில் இரண்டு வகை. ஃபேன்டசி ஃபுட்பால் கால்குலேட்டர் மாதிரித் தளங்கள் தங்களிடம் நடக்கும் ஒத்திகை டிராஃப்டுகளிலிருந்து எடுக்கின்றன. ஒத்திகையில் பலர் ஆறேழு ரவுண்டோடு கிளம்பிவிடுவார்கள், ஆகவே பின் ரவுண்டு எண்களை அப்படியே நம்பாதீர்கள். அண்டர்டாக் தளத்தின் ஏடிபி உண்மைப் பணம் கட்டி ஆடுபவர்களுடையது, கூர்மையானது. ஆனால் அது பெஸ்ட் பால் ஆட்டம்: டிராஃப்டோடு சரி, வேவர் கிடையாது, வாரா வாரம் நல்ல ஸ்கோர்கள் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஒரு வாரம் 30 புள்ளி, அடுத்த வாரம் 3 என்று ஆடும் ரிசீவருக்கு அங்கே விலை அதிகம். உங்கள் லீக்கில் அவரை எந்த வாரம் இறக்குவது என்று மண்டை காய்ந்துவிடும்.

ஒத்திகைக்கு எங்கே போவது? டிராஃப்ட் நடக்கப்போகும் அதே தளத்தில், அதே இடத்திலிருந்து. வேறு தளத்தில் பத்து தடவை ஆடுவதைவிட இது மேல். ஏஐ சாட்பாட்டிடம் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். விதியை விளக்கச் சொல்ல, மேலே சொன்ன மதிப்புக் கணக்கை விரிதாளில் போட்டுத்தரச் சொல்ல அது நன்றாக உதவும். நேற்று யார் அடிபட்டார், யார் அணி மாறினார் என்பதில் பழைய தகவலைத் தன்னம்பிக்கையோடு சொல்லும், அதைச் செய்தியோடு சரிபாருங்கள்.

நாள் குறிப்பதில் உங்கள் பேச்சு எடுபடும் என்றால், ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய்க்கிழமை வாக்கில் அணிகள் 53 பேராகக் குறைக்கும் நாளுக்குப் பிறகு வையுங்கள். அதற்கு முன்னால் டிராஃப்ட் செய்தால், அணியே இல்லாத வீரரைப் பெஞ்சில் வைத்திருக்க நேரலாம்.

டிராஃப்ட் முடிந்ததும் தளம் உங்கள் அணிக்கு ஏ, பி, சி என்று மதிப்பெண் போடும். தன்னுடைய கணிப்பை வைத்தே அது போடுவதால், அதன் பட்டியலை அப்படியே பின்பற்றியவருக்கு ஏ கிடைக்கும். அதை மூடிவிட்டு ஒரு வேலை செய்யுங்கள்: முதல் ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தால், விதி அனுமதித்தால், கிக்கரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மாற்று ரன்னிங் பேக்கைச் சேருங்கள். இடையில் யாராவது பயிற்சியில் அடிபட்டால் அவருக்குப் பின்னால் நிற்பவர் உங்கள் கையில் இருக்கலாம். யாரும் அடிபடாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை அவரை விட்டுவிட்டு வேறொரு கிக்கரை எடுத்துக்கொள்ளலாம், கிக்கர்கள் எப்போதும் மிஞ்சிக் கிடப்பார்கள்.